பழைய காரில் துரு எங்கே தொடங்குகிறது?

எங்கள் வீட்டு அம்பாசடர் 1988 மாடல். அப்பச்சி வாங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளைப் பெயிண்ட் இன்றும் பளிச்சென்றுதான் இருக்கும். சில வருடங்களுக்கு முன் பின்சீட்டுப் பக்கம் ஈர வாடை அடிக்கிறதே என்று ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்த்தேன். அதற்கு அடியில் இருந்த சணல் விரிப்பு சொதசொதவென்று இருந்தது. அதையும் உரித்தால் தகரம் செம்மண் நிறத்தில் பொரிந்து கிடக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் முனையை லேசாக வைத்தேன். பொதுக்கென்று உள்ளே இறங்கியது. ஓட்டை வழியாகக் கொட்டகைத் தரை தெரிந்தது.

இத்தனைக்கும் அந்தக் கார் மழையில் நின்றதே கிடையாது. வருடத்தில் முக்கால்வாசி நாள் கொட்டகைக்குள்தான் இருக்கும். பிறகு எப்படி இத்துப்போனது? யோசித்துப் பார்த்ததில் பிடிபட்டது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போய் வருவோம். கடலில் முழுகிய ஈரத்துணி மூட்டை திரும்பி வரும்போது கால்மாட்டில்தான் இருக்கும். பிள்ளைகள் தனுஷ்கோடி மணலைக் காலோடு கொண்டு வந்து உதறுவார்கள். ஊர் வந்ததும் காரை வெளியே கழுவித் துடைத்துக் கொட்டகையில் விட்டுப் பூட்டிவிடுவோம். உள்ளே சொட்டிய உப்புத் தண்ணீர் மேட்டுக்கு அடியில் அப்படியே இருந்திருக்கிறது, பல வருடங்களாக.

பழைய கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் துருவை மழையோடும் வெளிப் பெயிண்டோடும் மட்டுமே சேர்த்துப் பார்க்கிறார்கள். காரைத் தின்பது, உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் நிற்கிற ஈரம். இது புரிந்துவிட்டால் பராமரிப்பு பாதி சுலபமாகிவிடும். அதற்கு முதலில் துரு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு துண்டு இரும்புத் தகட்டை உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஒரே ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விட்டு, காயாமல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடிவையுங்கள். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் சொட்டுக்குள் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் தெரியும். சொட்டைத் துடைத்துவிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தால், இரும்பு அரிக்கப்பட்டிருப்பது அந்த வளையத்துக்கு உள்ளே, நடுவில் இருக்கும். ஓரம் பளபளப்பாகவே இருக்கும்.

ஏன் அப்படி? துரு பிடிப்பது ஒரு குட்டி பேட்டரி வேலை செய்வது மாதிரி. சொட்டின் ஓரத்தில் காற்றிலிருந்து ஆக்சிஜன் சுலபமாகக் கரைந்து வந்துகொண்டே இருக்கும். நடுப்பகுதிக்கு அது போதுமான அளவு போய்ச் சேராது. ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதியில் இரும்பு தன் எலக்ட்ரான்களை விட்டுவிட்டுத் தண்ணீரில் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் இரும்பு வழியாகவே ஓரத்துக்கு ஓடி, அங்கிருக்கும் ஆக்சிஜனோடும் தண்ணீரோடும் சேர்கின்றன. கரைந்த இரும்பும் ஓரத்திலிருந்து வருவதும் இடைவழியில் சந்திக்கும் இடத்தில் துரு வளையமாகப் படிகிறது. உப்பு இருந்தால் தண்ணீரில் மின்சாரம் சுலபமாக ஓடும், பேட்டரியின் வேகம் கூடும். அவ்வளவுதான் விஷயம். இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் இந்த பேட்டரி ஓடாது.

இதைக் காரில் வைத்துப் பாருங்கள். மட்கார்டுக்குள் ஒரு கைப்பிடி செம்மண் ஈரத்தோடு ஒட்டியிருக்கிறது. அந்த மண்ணுக்கு அடியில் ஆக்சிஜன் குறைவு, சுற்றி அதிகம். சொட்டின் நடுப்பகுதிக்கு நடந்ததுதான் மண்ணுக்கு அடியில் இருக்கும் தகரத்துக்கும் நடக்கும். சேறு ஒட்டிய இடம், மேட்டுக்கு அடி, பெயிண்ட் கொப்புளித்த இடத்தின் உட்பக்கம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் ஓட்டை விழும்.

இந்த மாதிரி விஷயங்களையே ஆராய்வதற்கு ஒரு நிறுவனம் நம் காரைக்குடியில் இருக்கிறது என்பது இங்கே பல பேருக்குக் கல்லூரிச் சாலையில் கடந்து போகும் ஒரு பெயர்ப்பலகையாக மட்டுமே தெரியும். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், எல்லோரும் சொல்கிறபடி சிக்ரி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து இந்த ஊருக்குக் கொண்டுவந்தது. 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14-இல் அன்றைய குடியரசுத் துணைத்தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். உலோக அரிப்பு அங்கே பெரிய ஆராய்ச்சித் துறை. கடற்கரையில் இரும்பு எப்படி அரிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில் ஒரு சோதனை நிலையமும் அவர்களுக்கு உண்டு. ராமேஸ்வரம் போகிற வழியில் நம் கார் வாங்கிக்கொண்டு வருகிற அதே உப்புக்காற்றில்தான் அந்தச் சோதனைகள் நடக்கின்றன.

உப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் அடுப்படியில் உப்பு ஜாடி கசிகிறதே, பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கார்த் தகரத்தில் படிந்த உப்பும் இதையேதான் செய்யும். மழை ஒரு சொட்டு படாவிட்டாலும் அந்த இடம் தானாக நனையும். உப்பே இல்லாத சுத்தமான இரும்புகூட, ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் போகும்போது வேகமாகத் துருப்பிடிக்க ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் நம் பக்கத்துக் காற்று வறண்டு கிடக்கும், அப்போது துரு தூங்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் எழுந்துகொள்ளும்.

ஒருமுறை பிடித்த துரு ஏன் தானாக நிற்பதில்லை என்றும் கேட்கலாம். அலுமினியத்தின் மேல் படிகிற ஆக்சைடு கெட்டியாக ஒட்டிக்கொண்டு அடியில் இருப்பதைக் காப்பாற்றும். இரும்புத் துரு அப்படி ஒட்டாது. பொரபொரவென்று இருக்கும், பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்துவைக்கும். கரைந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைக்கும். அதனால்தான் பெயிண்டை உள்ளிருந்து தள்ளிக் கொப்புளமாக்குகிறது. மேலே ஒரு கடுகளவு கொப்புளம் தெரிந்தால், அடியில் ஒரு ரூபாய்க் காசளவாவது பரவியிருக்கும் என்று எடுத்துக்கொள்வது நல்லது.

சரி, பராமரிப்புக்கு வருவோம். நம் ஊர்ப் பெரிய வீடுகளைக் கட்டியவர்கள் மழைக்குப் பயப்படவில்லை. வளவின் நடுவே வானம் திறந்த முற்றம், நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் அதற்குள்தான் விழும். விழுந்த தண்ணீர் எந்த வழியாக வெளியேற வேண்டும் என்பது தரை போடும்போதே முடிவாகிவிடும். அந்தத் தண்ணீர்க்கால் அடைத்துக்கொண்டால் தேக்குத் தூணே ஆனாலும் அடிப்பகுதி உளுத்துவிடும். கார் செய்தவர்களும் இப்படித்தான் யோசித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கதவின் அடியிலும் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி வழியாக வழிந்து கதவுக்குள் இறங்கும் தண்ணீர் வெளியேறுவதற்காக வைத்தவை அவை. கதவுக்குக் கீழே காரின் நீளத்துக்கு ஓடும் பெட்டி போன்ற பகுதியிலும், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்திலும், முன்கண்ணாடிக்குக் கீழே இலை சேரும் தொட்டியிலும் இப்படி வழிகள் உண்டு. பழைய காரில் இவை எல்லாம் மண்ணாலும் வேப்பஞ்சருகாலும் அடைத்திருக்கும்.

எங்களுக்கு டிங்கர் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் இதைத்தான் முதலில் சொன்னார்: "அண்ணே, மேல பெயிண்ட்டத் தடவிப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க. கீழ தண்ணி போற ஓட்டையப் பாருங்க." விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, கதவின் அடி ஓட்டையில் விட்டு மெதுவாகச் சுழற்றினார். முதலில் ஒன்றும் வரவில்லை. அப்புறம் காப்பித்தூள் நிறத்தில் ஈர மண் உதிர்ந்தது, அதன் பின்னாலேயே ஒரு அரை டம்ளர் தண்ணீர். மழை பெய்து பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது அப்போது.

கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். உள்ளே இருக்கும் பெயிண்டைச் சுரண்டிவிடும். ஈர்க்குப் போதும். அடைப்பு எடுத்தபின் கண்ணாடி ரப்பர் ஓரமாக ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி, அது கதவடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். கண்ணாடி ரப்பர் வெடித்துக் காய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு கதவுக்குத் தகரம் வைத்து வெல்டு பிடிக்கும் செலவில் சின்னப் பங்குதான்.

அம்பாசடர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஜீப், லாரி மாதிரி இதற்குத் தனி சேசிஸ் கிடையாது. தரைத் தகரமும் கதவடிப் பெட்டியும் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. அங்கே துரு ஏறினால் அழகு போவதோடு முடிவதில்லை, காரின் எலும்பே போகிறது. மேற்கு வங்காளத்தில் அம்பாசடர் செய்த உத்தர்பாரா ஆலையில் 2014-இல் உற்பத்தி நின்றுவிட்டது. புதுத் தகரப் பாகங்கள் வருடத்துக்கு வருடம் அரிதாகிக்கொண்டே போகின்றன. இருக்கிற தகரத்தைக் காப்பாற்றுவதுதான் நம் கையில் இருக்கிறது. பத்மினியோ மாருதி 800-ஓ வைத்திருப்பவர்களுக்கும் இதேதான்.

கழுவுவதைப் பற்றிக் கொஞ்சம். வெளிப்பக்கத்தைவிட அடிப்பக்கம் முக்கியம். ராமேஸ்வரமோ தொண்டியோ போய் வந்தால் மறுநாளே, மட்கார்டுகளின் உட்புறம், அடித்தகரம், பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் எல்லாவற்றையும் நிறைய நல்ல தண்ணீரால் அலசுங்கள். இங்கே பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். உப்பைப் போக்க உப்புத் தண்ணீரையே அடித்தால் என்ன பயன்? கடைசியாக ஒரு முறையாவது நல்ல தண்ணீர் காட்டுங்கள். மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரை அண்டாவில் பிடிக்கிற வழக்கம் இன்னும் இருக்கிற வீடுகளுக்குக் கவலையே இல்லை, மழைத்தண்ணீரில் உப்பு மிகவும் குறைவு. கழுவிய கையோடு கொட்டகைக்குள் விட்டுப் பூட்டிவிட வேண்டாம். ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, நான்கு கதவும் டிக்கியும் திறந்து வெயிலில் ஒரு மணி நேரம் விடுங்கள். மேட்டை எடுத்துக் கொடியில் போடுங்கள். சணல் விரிப்பு முழுதாக நனைந்திருந்தால் காயவைத்துத் திரும்பப் போடுவதைவிடத் தூர எறிவதே மேல்.

பூட்டிக் கிடக்கும் வீடு, பூட்டிக் கிடக்கும் கார். இது நம் பக்கத்தில் சகஜம். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ எல்லோரும் கூடும்போதுதான் கார் வெளியே வரும். மற்ற நாட்களில், வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் "தினம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுங்க" என்று சொல்லிவிட்டு சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுகிறோம். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் காருக்குக் கெடுதல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. எஞ்சின் நன்றாகச் சூடானால் அது ஆவியாகப் பின்னால் போய்விடும். ஐந்து நிமிடத்தில் சைலன்ஸர் சூடாவதே இல்லை, தண்ணீர் அதற்குள்ளேயே தங்கி உள்ளிருந்து அரிக்கும். அதற்குப் பதில் பத்து நாளைக்கு ஒருமுறை, அரை மணி நேரம் சாலையில் ஓட்டச் சொல்லுங்கள். குன்றக்குடி வரை போய்த் திரும்பினால் போதும்.

கவர் விஷயத்திலும் இதே தவறு நடக்கிறது. பிளாஸ்டிக் படுதா போட்டு இறுக்கிக் கட்டினால் தரையிலிருந்து ஏறும் ஈரம் இரவில் குளிர்ந்து தகரத்தின் மேலேயே வியர்த்து நிற்கும். காற்றுப் போகும் துணிக் கவர்தான் போட வேண்டும். மண் தரைக் கொட்டகை என்றால் கவரைவிடத் தரையை முதலில் கவனியுங்கள். சிமெண்ட் பூச முடியாவிட்டால், கார் நிற்கும் இடத்தில் தரையில் ஒரு கனமான பிளாஸ்டிக் விரிப்பாவது போடுங்கள். படுதாவுக்குச் சரியான இடம் காருக்குக் கீழேதான்.

இனி, ஏற்கெனவே பிடித்த துரு. இதில்தான் எனக்குப் பெரிய நஷ்டம் வந்தது. தரைத் தகரத்தில் ஓட்டை விழுவதற்கு முன்பே, ஒரு பட்டறையில் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பாகத் தார் போன்ற அண்டர்கோட்டிங் அடித்துக் கொடுத்தார்கள். பார்க்க அவ்வளவு நேர்த்தி. துருவைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே அடித்திருக்கிறார்கள் என்பது இரண்டு வருடம் கழித்துப் பாளம் பாளமாகக் கழன்று விழுந்தபோதுதான் தெரிந்தது. கோட்டிங்குக்கும் தகரத்துக்கும் நடுவே போன ஈரம் வெளியே வர முடியவில்லை. வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாததால் நானும் குனிந்து பார்க்கவில்லை. அண்டர்கோட்டிங் நல்ல சாமான்தான், சுத்தமான காய்ந்த தகரத்தின் மேல் அடித்தால். அடிப்பதற்கு முன் தகரத்தை நீங்களே போய்ப் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். அடிக்கும்போது தண்ணீர் வெளியேறும் ஓட்டைகளைச் சேர்த்து அடைத்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னத் துருவை நீங்களே சரிசெய்யலாம். வயர் பிரஷ்ஷும் உப்புத்தாளும் போட்டு, சுற்றியிருக்கும் நல்ல பெயிண்டில் ஒரு விரல் அகலம் உள்ளே போகும்வரை, பளபளவென்று இரும்பு தெரியத் தேயுங்கள். தேய்த்து முடித்ததும் வெறும் கையால் தொட வேண்டாம், வியர்வையிலும் உப்பு இருக்கிறது. தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டு அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். துத்தநாகம் அதிகம் கலந்த பிரைமர் கிடைத்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் துத்தநாகம் இருந்தால் அந்தக் குட்டி பேட்டரி இரும்பை விட்டுவிட்டு முதலில் துத்தநாகத்தைக் கரைக்கும். பெயிண்டில் கீறல் விழுந்தாலும் கொஞ்ச காலம் இரும்பு தப்பிக்கும்.

குழியில் ஆழமாக உட்கார்ந்த துரு பிரஷ்ஷுக்கு வராது. அதற்குத்தான் துருமாற்றி, கடையில் ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று கேட்க வேண்டும். தடவினால் சிவப்புத் துரு கறுப்பாக மாறும். இதில் மாயம் ஒன்றும் இல்லை. கடுக்காயை இரும்புச் சட்டியில் ஊறவைத்தால் தண்ணீர் மை மாதிரி கறுக்கும், அந்தக் காலத்தில் மையே அப்படித்தான் காய்ச்சினார்கள். கடுக்காயில் இருக்கும் டானின் இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. துருமாற்றி பலவற்றில் இருப்பதும் டானின் வகை அமிலம்தான், சிலவற்றில் பாஸ்பாரிக் அமிலம். கையுறை போட்டுக்கொண்டு தடவுங்கள், உதிரும் துருவைச் சுரண்டி எடுத்தபின் தடவுங்கள், காய்ந்ததும் பிரைமரும் பெயிண்டும் கட்டாயம். அதோடு விட்டுவிட்டால் ஈரம் பட்டுத் திரும்ப வரும்.

வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் பழைய எஞ்சின் ஆயிலோ டீசலோ அடித்து விடுவது உண்டு. எண்ணெய்ப் படலம் ஈரத்தைத் தடுக்கும் என்பது உண்மைதான். பணியாரச் சட்டியை வேலை முடிந்ததும் எண்ணெய் தடவித்தானே எடுத்து வைக்கிறோம். ஆனால் ஓடித் தீர்ந்த எஞ்சின் ஆயிலில் அமிலக் கசடு இருக்கும், ரப்பர் புஷ்களை ஊதவைக்கும், புழுதியை இழுத்து அப்பிக்கொள்ளும், மண்ணிலும் சொட்டும். துருத் தடுப்புக்கென்றே வருகிற மெழுகு ஸ்பிரே வாங்கிக் கதவுக்குள்ளும் கதவடிப் பெட்டிக்குள்ளும் அடியுங்கள். உள்ளறைகளுக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். சக்கர வளைவு, கதவின் அடி, டிக்கி ஓரம் என்று வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கினால் அங்கே தகரம் இல்லை, பட்டி பூசியிருக்கிறார்கள்.

பேட்டரி தட்டில் அமிலம் கசிந்திருந்தால் சமையல் சோடா கரைத்த தண்ணீர் ஊற்றுங்கள், நுரை அடங்கும்வரை. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றுகிற பழக்கத்தை விடுங்கள், எஞ்சின் உள்ளிருந்து துருப்பிடிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூலன்ட் மாற்றினால் போதும்.

எல்லாவற்றிலும் அவசரமானது பிரேக் குழாய். அடித்தகரத்தை ஒட்டிப் பின்சக்கரம் வரை போகும் மெல்லிய இரும்புக் குழாய் அது. அதில் செதில் செதிலாகத் துரு தெரிந்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள். கீழே படுத்துப் பார்க்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே போகவே கூடாது. துரு ஏறிய தகரத்தில் ஜாக்கி முட்டுக்கொடுத்த இடமே உள்வாங்கும். ஸ்டாண்டு வைத்துத்தான் போக வேண்டும்.

நான் வருடத்தில் இரண்டு முறை அடியில் பார்க்கிறேன். மழைக்கு முன் புரட்டாசியில் ஒன்று, மழை ஓய்ந்து தையில் ஒன்று. டார்ச், ஈர்க்கு, வயர் பிரஷ், ஒரு டின் பிரைமர், இரண்டு மணி நேரம். இந்தப் புரட்டாசியில் இடது பின்கதவிலிருந்து ஒரு கைப்பிடி செம்மண் வந்தது, காய்ந்த மண்தான். மற்ற மூன்று கதவிலும் ஊற்றிய தண்ணீர் ஊற்றிய உடனே சொட்டியது.